கோலுக்குப் பின்னால் வீதி

ஊரில் ஷெல் விழுகிற காலத்தில் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஹொக்கி என்ன கேடு என்று கேட்டவர்கள்தான், கல்லூரி அணி தோற்கத் தொடங்கியதும் முதலில் வந்து நியாயம் கேட்டார்கள். தொண்ணூற்றோராம் ஆண்டு அது. மற்றப் பள்ளிக்கூட மைதானங்களில் அகதிகள் கொட்டில் போட்டிருந்தபடியால் எல்லா ஆட்டங்களும் இந்தப் பெண்கள் கல்லூரியின் மைதானத்திலேயே நடந்தன. சொந்த மைதானத்தில், சொந்தச் சனத்துக்கு முன்னால், ஒவ்வொரு ஆட்டமாகத் தோற்றுக்கொண்டு வந்தார்கள்.

அதிலும் ஒரு விசித்திரம் இருந்தது. முதல் பாதியில் நன்றாகத்தான் ஆடுவார்கள். இடைவேளை முடிந்து பக்கம் மாறி, வீதிக்கரையில் இருக்கிற கோலைக் காக்கத் தொடங்கினால் போதும், கோல் மேல் கோலாக விழும். பாணும் இல்லை, பருப்பும் இல்லை, பிள்ளைகளுக்கு இரண்டாம் பாதிக்குச் சத்துக் காணாது என்றார்கள் சிலர். எதிரணியும் அதே பனங்கிழங்குப் புழுக்கொடியலைத்தான் தின்றுவிட்டு வந்தது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

ஒரு காரியம் பிழைத்தால் காரணத்தைத் தேடுவதைவிட ஆளைத் தேடுவது எங்கள் சனத்துக்கு லேசு. ஆள் கிடைத்தாள். கோல் காத்த பெர்னடெட். ஊர்காவற்றுறையிலிருந்து இடம்பெயர்ந்து தை மாதம்தான் இந்தக் கல்லூரிக்கு வந்தவள். வீடும் போய், உடுப்பும் போய், தகப்பனின் வள்ளமும் போய், அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்தக் கோல் ஒன்றுதான். அதையும் பறித்துவிடலாமா என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

கோல்கள் எந்தப் பக்கத்தால் போகின்றன என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாம் வலது தூணுக்கும் வலது புல்பாக்குக்கும் நடுவால் போயின. கோலுக்கு முன்னால் வலப்பக்கம் காக்கிற அந்தப் புல்பாக் ஸ்ரெல்லா. குருநகர்ப் பிள்ளை. கோட்டைச் சண்டையோடு அவளுடைய குடும்பம் கொக்குவிலில் ஒரு மதில் வீட்டின் பின்னறைக்கு வந்துவிட்டது. கோலில் கட்டியிருந்த வலைகூட அவளுடைய தகப்பன் சூசைதாசன் கொடுத்த பழைய மீன்வலைதான். கடலுக்குப் போகவிடாத காலத்தில் வலைக்கு வேறு என்ன வேலை.

ஸ்ரெல்லாவுக்கு நடந்தது இதுதான். எதிரணி முன்னேறி வரும். பந்து அவளுடைய மட்டைக்கு எட்டுகிற தூரத்தில் உருண்டு வரும். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும். "விடு, என்ரை!" பந்து என்னுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். ஸ்ரெல்லா மட்டையை எடுத்துவிடுவாள். பந்து அவளைத் தாண்டிப் போய் வலையில் விழும். திரும்பிப் பார்த்தால் பெர்னடெட் மற்றத் தூணடியில் நின்று, ஏன் விட்டீர்கள் என்று கேட்கிற கண்ணோடு இவளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அது பெர்னடெட்டின் குரல் அல்ல. பெர்னடெட்டுக்குக் கீச்சுக் குரல். இது தடித்த குரல், "ரை"யைக் கொஞ்சம் இழுத்து விடுகிற குரல். யாருடைய குரல் என்று ஸ்ரெல்லாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தபடியால்தான் அவளுக்கு அவ்வளவு பயம்.

பயத்தில் பாதியைத் தாயிடம் சொன்னாள். விளையாடும்போது பின்னால் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். தாய்க்கு அது போதும். அந்தோனியார் கோயிலுக்கு இழுத்துப்போய், மந்திரித்த எண்ணெய் பூசி, கழுத்தில் ஒரு சின்னப் புனிதர் சுரூபத்தையும் கட்டிவிட்டு, செத்தவர்கள் கூப்பிட்டால் ஏனென்று கேட்காதே என்று புத்தியும் சொன்னாள். செத்தவர்கள் என்றால் அந்தோனியார் பார்த்துக்கொள்வார். கூப்பிட்டவள் சாகவில்லை. அதுதான் வில்லங்கம்.

அவள் பெயர் கமீலா. முஸ்லிம் சனம் இருந்த சோனகதெருவில் இரும்புக்கடை வைத்திருந்த கலந்தரின் மகள். பெர்னடெட்டுக்கு முதல் அந்தக் கோலைக் காத்தவள். அவள் அங்கே போய் நின்றதே உடுப்பால் வந்த வினைதான். மற்றவர்கள் முழங்கால் தெரிய ஓடவேண்டும். கோல் காப்பவள் மட்டும் நீளக் காற்சட்டை போட்டு, அதற்கு மேல் கால்காப்புப் பாட்ஸைக் கட்டி, தலையையும் மூடிக்கொண்டு நிற்கலாம். கலந்தர் ஒருநாள் மைதானத்துக்கு வந்து நின்று பார்த்தார். தன் பெண்சாதி சந்தைக்குப் போவதைவிட இவள் வடிவாக மூடிக்கொண்டு நிற்கிறாள் என்று சிரித்துவிட்டுப் போனார். அதுதான் சம்மதம்.

கமீலா நின்றால் கோல் கதவு பூட்டின மாதிரி. தனக்கு முன்னால் நிற்கிற புல்பாக்குகளுக்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். கோலில் நிற்பவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது, சொன்னதைச் செய்ய வேண்டும். திரும்புகிற நேரத்துக்குள் பந்து உள்ளே போய்விடும்.

"என்னைப் பாக்காதையுங்கோடி" என்பாள். "நான் எங்கை போகப்போறன், பின்னாலைதானே நிப்பன்."

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை, சோனகதெருவில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஓடியது. முஸ்லிம் சனம் எல்லாரும் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். நகையும் வீடு பூட்டுகிற திறப்பும் இங்கே கிடக்க வேண்டும். நாங்கள் என்ன பிழை செய்தோம் என்று அந்தச் சனம் கேட்டது. துவக்கு வைத்திருப்பவர்களுக்குப் பதில் சொல்லும் பழக்கம் இல்லை. மத்தியானத்துக்கு முன்னரே விஷயம் நகரமெல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு சனம் முழுக்கப் பெயர்ந்து போகிறது, அடுத்த தெருவில் உலை கொதிக்கிறது. அப்படித்தான் இருந்தோம், வேறு எப்படிச் சொல்ல.

அன்று பின்னேரம் அணிக்குப் பயிற்சி இருந்தது. ஒருத்தி தவறாமல் எல்லாரும் வந்தார்கள். பயிற்றுவிக்கிற பூரணம் ரீச்சரும் வந்து விசிலை ஊதினார். கோலில் யார் நிற்பது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. வெறுங்கோலுக்கு முன்னால் ஸ்ரெல்லாவும், மற்றப் புல்பாக்கான கப்டன் யோசப்பினும் நிற்க, மீதிப்பேர் அடித்துப் பழகினார்கள்.

கோலுக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் வீதி. சந்தியில் துவக்கோடு இயக்கப் பெடியள் நின்றார்கள். சனமும் மூட்டையுமாக லொறிகள் தெற்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஒரு லொறி கோலுக்கு நேர் பின்னால் வந்த நேரம், பந்து ஸ்ரெல்லாவை நோக்கி உருண்டு வந்தது. அந்த லொறிக்கு மேலேதான் கமீலா நின்றாள். அவள் வெறுங்கோலைக் கண்டிருக்க வேண்டும். பழக்கமோ, பகிடியோ, போகிற நேரத்தில் ஒருத்தியாவது தன்னைப் பார்க்கட்டும் என்ற ஆசையோ தெரியாது. "விடு, என்ரை!" என்று கத்தினாள்.

ஸ்ரெல்லா விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கமீலா வைத்த சட்டப்படிதானே நின்றேன் என்று பிறகு எத்தனையோ தரம் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. பயம். சந்தியில் நிற்பவன் தன் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்வான் என்ற பயம். மற்றவர்களுக்குக் கேட்டதா என்று அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் புல்லை விட்டுத் தலையை எடுக்கவேயில்லை. லொறிச் சத்தத்தில் தனக்கு மட்டும்தான் கேட்டது என்று நம்பினாள். "பந்தைப் பாருங்கோ, பிள்ளையள்" என்றார் பூரணம் ரீச்சர். பந்து வெறுங்கோலுக்குள் போய்க் கிடந்தது. லொறியும் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. வகுப்பில் கமீலாவின் மேசையில் வேறொருத்தி இருந்தாள். பாட்ஸ் மட்டும் விளையாட்டறையில் கிடந்தது. கமீலாவின் மெலிந்த காலுக்காக வாரில் ஆணியால் குத்திய ஓட்டையும் அதில் அப்படியே இருந்தது. பெர்னடெட் வந்ததும் அதைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். இது ஆருடையது என்று அவள் கேட்டபோது, பள்ளிக்கூடத்துடையது என்று சொல்லி முடித்துவிட்டாள் யோசப்பின்.

சண்டிலிப்பாய் அணியோடு ஆட்டம் வரப்போகிற கிழமையில் பூரணம் ரீச்சர் எல்லாரையும் வேப்பமரத்தடியில் இருத்தினார். இதிலும் தோற்றால் அடுத்த வருஷம் ஹொக்கியே வேண்டாம் என்று அதிபர் சொல்லிவிட்டாராம். கோல் காப்பவளை மாற்றத்தான் வேண்டும், ஆர் நிற்பீர்கள் என்று கேட்டார். ஒருத்தியும் பெர்னடெட் இருந்த பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் இந்த அணிக்கு நல்ல பழக்கம் இருந்தது.

"நான் நிக்கிறன், ரீச்சர்" என்று கையை உயர்த்தினாள் ஸ்ரெல்லா.

பெரிய மனசு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மனசாவது. கோலில் நிற்பவளுக்குப் பின்னால் ஆள் இல்லை, அவளைக் கூப்பிட ஒருவரும் இல்லை, அவ்வளவுதான் அவள் போட்ட திட்டம். அந்தக் குரலிடமிருந்து ஓடி ஒளிய வேறு இடம் அவளுக்குத் தெரியவில்லை. ஆடத் தெரியாதவள் அரங்கு கோணல் என்றாளாம். ஸ்ரெல்லா அதற்கும் மேலே போய், அடுத்தவளின் அரங்கையே பறித்துக்கொண்டாள். விழுந்த கோல்கள் தன்னுடையவை என்று தெரிந்துகொண்டே செய்தாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது, ஆனாலும் கையைக் கீழே விடவில்லை.

பெர்னடெட் அழவில்லை. பாட்ஸைக் கொண்டுவந்து ஸ்ரெல்லாவின் காலடியில் வைத்தாள். ஸ்ரெல்லா அவளுக்கு ஒரு வகுப்பு மேலே.

"நான் கூப்பிடுறது உங்களுக்குக் கேக்கிறேல்லையோ, அக்கா?"

ஸ்ரெல்லா வாரில் இருந்த ஓட்டையை விரலால் தடவினாள். அணியில் ஆள் குறைவு. கொழும்புக்குப் போனவர்கள், கனடாவுக்குப் போனவர்கள், இயக்கத்துக்குப் போனவர்கள் என்று கழித்துப் பார்த்தால் பெர்னடெட்டையும் விட முடியாது. ஸ்ரெல்லா நின்ற வலது புல்பாக் இடத்தில் அவளை நிற்கச் சொன்னார் ரீச்சர்.

ஆட்டத்தன்று முதல் பாதி முழுக்க ஸ்ரெல்லா நிம்மதியாக நின்றாள். கேட்டதெல்லாம் மட்டைச் சத்தமும் சனத்தின் சத்தமும்தான். வந்த பந்துகளைக் காலால் தட்டிவிட்டாள். தப்பிவிட்டேன் என்றுகூட நினைத்தாள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி வீதிக்கரைக் கோலுக்கு வந்தபோது, அவளுக்கு முன்னால் யோசப்பினின் முதுகும் பெர்னடெட்டின் முதுகும் தெரிந்தன. அந்த இடத்தில் நின்று அவள் இதுவரை பார்த்ததில்லை. இங்கிருந்து பார்த்தால் எல்லாரும் முதுகாகத்தான் தெரிந்தார்கள். கமீலா எங்களை இப்படித்தான் பார்த்திருக்கிறாள், கடைசியாகவும் இப்படித்தான் பார்த்திருக்கிறாள் என்று அவளுக்குப் பட்டது.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. சண்டிலிப்பாய்ப் பிள்ளை ஒருத்தி வட்டத்துக்குள் புகுந்து அடித்தாள். பந்து வேகம் குறைந்து பெர்னடெட்டின் மட்டைக்கு எட்டுகிற தூரத்தில் உருண்டது. தடுக்கிறது லேசு. தானே முன்னுக்கு ஓடி எடுக்கலாம். ஸ்ரெல்லா வாயைத் திறந்தாள்.

"விடு, என்ரை!"

குரல் தடித்து வந்தது. "ரை" தானாக இழுபட்டது. தன் வாயால் வந்த சத்தத்துக்குத் தானே விறைத்துப்போய், ஸ்ரெல்லா பின்னால் திரும்பி வீதியைப் பார்த்தாள். வேலி, தூசி, சந்தியில் துவக்கோடு ஒரு பெடியன். பந்து அவளுடைய பாட்ஸில் உரசிக்கொண்டு தகப்பனின் வலைக்குள் விழுந்தது. எதிரணி கூவியது.

பந்தை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோதுதான் கண்டாள். யோசப்பின் திரும்பி நின்றாள். நடுவில் ஆடுபவர்கள் திரும்பி நின்றார்கள். தூரத்தில் முன்னுக்கு நின்றவர்களும் திரும்பியிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே பூரணம் ரீச்சர் கையை வாயில் வைத்தபடி நின்றார். ஒருத்தியும் பந்தைப் பார்க்கவில்லை, ஸ்ரெல்லாவையும் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் அவளைத் தாண்டி வீதியில் இருந்தது.

பெர்னடெட் மட்டும்தான், கோல் காப்பவள் சொன்னபடி பந்தை விட்டுவிட்டு, இவர்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் எல்லாரும் றோட்டைப் பாக்கிறியள்?" என்று கேட்டாள். "ஆர் வருகினம்?"

யோசப்பினின் கன்னத்தால் கண்ணீர் ஓடியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"அண்டைக்கு உனக்கும் கேட்டதோ?" என்றாள் ஸ்ரெல்லா.

"ஓம்" என்றாள் யோசப்பின். "எல்லாருக்கும் கேட்டது."

ஸ்ரெல்லா கோல் வாசலிலேயே குந்தியிருந்து பாட்ஸின் வாரைக் கழற்றத் தொடங்கினாள். ஆட்டத்தைத் தொடரச் சொல்லி நடுவர் விசிலை ஊதினார். பிறகு என்ன நினைத்தாரோ, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஸ்ரெல்லா பாட்ஸைப் பெர்னடெட்டின் கையில் வைத்தாள்.

"நீ விட்ட கோல் ஒண்டுமில்லை. எல்லாம் நான் விட்டது" என்றாள். "இது பள்ளிக்கூடத்தின்ரை இல்லை. எங்கடை கோல்கீப்பரின்ரை. அவளின்ரை பேர் கமீலா. லொறியிலை நிண்டு கூப்பிட்டவள், நாங்கள் ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை."

சந்தியில் நின்ற பெடியன் இந்தப் பக்கம் பார்த்தான். ஸ்ரெல்லா அவனைக் கண்டாள். கண்டுவிட்டு, கமீலா என்று இன்னொரு தரம், அவனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அவன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அந்தக் கோல் கணக்கில் சேர்ந்தது. அன்றைக்கும் தோற்றார்கள். அடுத்த வருஷம் அந்தக் கல்லூரியில் ஹொக்கி இல்லை.

மீதி ஆட்டத்துக்குப் பெர்னடெட் கோலில் நின்றாள், ஸ்ரெல்லா தன் பழைய இடத்துக்குப் போனாள். பின்னாலிருந்து பெர்னடெட்டின் கீச்சுக் குரல் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. பிடியுங்கோ அக்கா என்றால் பிடித்தாள், விடுங்கோ என்றால் விட்டாள். மற்றக் குரல் எப்போது வரும் என்று ஆட்டம் முடியும்வரை காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அது வந்தால் இந்த முறை திரும்பிப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தாள். அது வரவில்லை.