வலது கண்

"தலை என்னுது, கண்ணு என்னுது. டாக்டர்கிட்ட சரின்னு தலையாட்ட மட்டும் நீங்களா?"

"மெதுவாப் பேசு. தையல் பிரிஞ்சிடப் போகுது."

"பிரியட்டும்."

எதிர்வீட்டு வாட்ச் கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டுதான் மனைவியோடு சண்டை போட்டார். எங்கள் சன்னல் திறந்திருந்தது. காற்று வேண்டாமா?

கடைக்காரர் என்பது பேருக்குத்தான். அவர் கல்லாவில் உட்கார்ந்து சிரிப்பார். உள்ளே வலது கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வாட்சுக்குள் மயிரிழைச் சுருளைப் பொருத்துவது அவர் மனைவி. அவளுக்குத்தான் மூளை உறையில் கட்டி. புற்று இல்லை, ஆனால் ஏகப்பட்ட ரத்த ஓட்டம். அறுப்பதற்கு முந்தின நாள் தொடை வழியாகக் குழாய் விட்டு, பொடித் துகள்களால் கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிட்டால் அறுக்கும்போது கொட்டாது என்று கணவரிடம் சொன்னார் டாக்டர். அடைக்கிற துகள் தடம் மாறினால் வலது கண் போகலாம், பக்கவாதம்கூட வரலாம், அடைக்காமலும் அறுக்கலாம், வீட்டில் பேசுங்கள் என்றும் சொன்னார்.

வீடு பேசியது. கணவர், மாமியார், நாத்தனார். அவளைத் தவிர எல்லோரும். சொன்னால் பயந்துவிடுவாள் என்று முடிவானது. பயந்தது யார் என்பது வேறு விஷயம். "ஊசி போடற மாதிரிதான்" என்று அவளிடம் சொல்லிவைத்தார் கணவர். "வீட்டுக்காரர் எல்லாம் சொன்னாராம்மா?" என்று டாக்டர் கேட்டபோது, பாவி மகள், "சொன்னார்" என்றாள்.

துகள் தடம் மாறியது. கட்டி சுத்தமாக வந்துவிட்டது. வலது கண் இருண்டுவிட்டது. கண் போகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததை, கட்டுப் பிரிக்கிற அன்றுதான் டாக்டர் வாயிலிருந்து கேட்டாள். அன்று ராத்திரிதான் இந்தச் சண்டை.

"உயிர் பொழைச்சீங்களே அண்ணி, அதைப் பாருங்க."

"பார்க்கத்தானே முடியலை."

நாத்தனார் சமையலறைக்கு நழுவினாள். கணவர் விடவில்லை. "தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே? வேண்டாம்னிருப்பியா?"

"சரின்னுகூடச் சொல்லியிருப்பேன். அதை நான் சொல்லியிருக்கணும்."

அதற்குப் பிறகு சத்தமே வரவில்லை. சன்னலைத் திறந்துவைத்து என்ன பிரயோசனம்.

முடி வளரும்வரைகூட இருக்கவில்லை, அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். கணவர் இரண்டு முறை கூப்பிடப் போய், காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார். கடையில் பழுது பார்க்க ஓர் ஆளைப் போட்டார்கள். நாத்தனார் அவனையே கட்டிக்கொண்டாள். இப்போது கல்லாவிலும் அவன்தான்.