வெயில் விழாத மூலை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. இந்த மதிலோரம் நின்று கூப்பிட்டால் அந்த மதிலோரம் நிற்பவர் காதில் விழும், அவ்வளவுதான் அதன் நீளம். தக்காளியும் மிளகாயும் கத்தரியும் போட்டு, தெருவில் இருக்கும் இரண்டு காய்கறிக் கடைகளுக்கு நான் கொடுத்துவந்தேன். நிலம் என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அக்காவுக்கும் பொது. மாமனார் அப்படித்தான் எழுதிவைத்துவிட்டுப் போனார். உரிமை அவர்களுக்கு, இடுப்புவலி எனக்கு.

போன இரண்டு பருவமும் செடி நிற்கவில்லை. காலையில் ஜம்மென்று நிற்கும் செடி மத்தியானம் தலையைத் தொங்கப்போடும். சாயங்காலம் கொஞ்சம் தெளிந்து நம்மை ஏமாற்றும். ஒரு வாரத்தில் சருகாகிவிடும். தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்பாக ஒரு வளையம். நோய் செடியில் இல்லை, மண்ணில் இருக்கிறது என்று அர்த்தம். மருந்து ஊற்றினேன், எரு மாற்றினேன், வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் தன் பங்கைக் கேட்டார். வெளிச்சத்தை அளக்கிற ஆய்வுக்கூடம் ஒன்றில் அவருக்கு வேலை. எதையும் அளக்காமல் நம்பமாட்டார் என்பதால் அங்கே அவருக்கு மீட்டர் என்று பட்டப்பெயர். வீட்டிலும் அவர் இல்லாதபோது நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். கல்யாணம் ஆன சூட்டிலேயே முறிந்துபோனது. பிள்ளை குட்டி இல்லை. மூன்றாம் மாடியில் வாடகை வீடு, மூட்டுவலி. பின்பக்கம் ஒரு அறையும் சின்னதாக ஒரு சமையலறையும் கட்டிக்கொண்டு தம்பி பக்கத்தில் இருந்துவிடலாம் என்று நினைத்தார். அதில் ஒரு நியாயமும் குறையவில்லை. குறையவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த நிலத்தை விட்டால் எனக்கென்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது.

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். கடைசியாக ஒரு பருவம் பார்க்கிறேன், இந்தத் தடவையும் செடி செத்தால் அஸ்திவாரம் தோண்டிக்கொள்ளுங்கள் என்று நானே வாக்குக் கொடுத்தேன். அண்ணி சரி என்றார். நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

தோட்டக்காரர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் கேட்ட முறை ஒன்று என் மனதில் இருந்தது. நல்ல கோடையில் மண்ணைக் கொத்தி, தொப்பலாக நனைத்து, கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடி, ஓரமெல்லாம் மண்ணைப் போட்டு அமுக்கிவிட வேண்டும். வெயில் உள்ளே இறங்கும், சூடு வெளியே வராது. ஆறு வாரம் அப்படியே வெந்தால் நோய்க்கிருமியும் களை விதையும் செத்துவிடும். இதற்கு சோலரைசேஷன் என்று பெயர் என்றேன். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது எங்கள் வார்த்தை ஆயிற்றே என்பது போல் ஒரு பார்வை.

வீட்டுக்காரர் போட்டோகாரர். இன்றைக்கும் டார்க் ரூமில் தட்டில் மருந்து ஊற்றிப் படம் கழுவுகிறவர். அந்தக் காலத்துப் படங்களில் வெயில் அளவுக்கு மீறிப் பட்டால் சூரியனே கறுப்பு வட்டமாக விழுமாம், அதைத்தான் முதலில் சோலரைசேஷன் என்றார்களாம். இப்போது அவர் வேண்டுமென்றே செய்கிறார். படம் தட்டில் பாதி தெளிந்து வரும்போது விளக்கை ஒரு சிமிட்டல் போட்டு அணைப்பார். வெளுப்பு கறுப்பாகத் திரும்பும், முகத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு விழும். என்னை அப்படி ஒரு படம் எடுத்து மாட்டியிருக்கிறார். பேய் அறைந்த மாதிரி இருப்பேன்.

அண்ணிக்கு அதே வார்த்தை ஒரு தலைவலி. அவருடைய கூடத்தில் புற ஊதா விளக்குகளைச் சோதிப்பார்கள். விளக்கின் வெளிச்சம் கண்ணாடி இழை வழியாகக் கருவிக்குப் போகும். அந்த வெளிச்சம் பட்டுப் பட்டே இழை உள்ளுக்குள் மங்கிப்போகும். அளவு நாளுக்கு நாள் இறங்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் விளக்கு கெட்டுவிட்டது என்று எழுதுவார்கள். அளவு குறைந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு என்பதுதான் அங்கே அவர் எல்லோருக்கும் சொல்லுகிற பாடம்.

மண்ணை மூடுகிற அன்றைக்கு அண்ணியும் வந்தார். தான் தோற்றால்தான் எனக்கு நிலம் என்கிற நிலையில் ஒருத்தர் முழங்கால் வலியோடு குனிந்து ஷீட்டின் ஓரத்தை அமுக்கிக்கொடுத்தார் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. சூட்டை அளக்க இரண்டு கம்பிகள் கொண்டுவந்தார். ஒன்றைப் பாத்தியின் நடுவிலும் இன்னொன்றை மதில் மூலையிலும் புதைத்தார். இரண்டும் வீட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டியில் போய்ச் சேர்ந்தன. எந்த நேரத்தில் எவ்வளவு சூடு என்பதை அந்தப் பெட்டி பதிந்துவைக்கும்.

நிலம் மூடிக் கிடந்ததால் எனக்குக் கொடுக்கக் காய் இல்லை. ஒரு காய்கறிக் கடையிலேயே காலையிலிருந்து மத்தியானம் தாண்டும்வரை உட்கார்ந்து வேலை பார்த்தேன். வந்ததும் ஷீட்டைச் சுற்றிப் பார்ப்பேன். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். தொட்டால் கை சுடும். நடுவதற்கான நாற்றுகளை மாடி அறையில் இருந்த அலமாரித் தட்டுகளில் வளர்த்தேன். வீட்டுக்காரர் பிரிண்ட் உலர்த்துகிற இடம் அது. இரண்டு மாதத்துக்கு எனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. எதற்குமே சொல்லமாட்டார்.

வாரக் கடைசியில் சாயங்காலம் அண்ணி வந்து பெட்டியில் அந்த வாரத்தின் அதிகபட்ச சூட்டை மட்டும் பார்ப்பார். நடுக்கம்பி நன்றாகக் காட்டியது. மூலைக்கம்பி இரண்டாம் வாரத்திலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கம்பி வெயிலில் கெட்டுப்போயிருக்கும், அதை நம்பாதே, நடுவில் இருப்பதை மட்டும் பார் என்றார். அளவு விஷயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் ஏது. நானும் விட்டுவிட்டேன்.

ஷீட்டை எடுத்தபோது மண் சல்லடையில் சலித்த மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு புல் பூண்டு இல்லை. நாற்றை நட்டேன். கொஞ்ச நாளில் மதில் மூலையில் மட்டும் புல் கிளம்பியது. ஓரத்தில் ஷீட் தூக்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பிடுங்கிப்போட்டேன். செடிகள் எழும்பிப் பூவெடுத்தன. கடைக்காரரிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் அந்த மூலைச் செடிகள் தலையைத் தொங்கப்போட்டன. ஒன்றைப் பிடுங்கித் தண்டை வெட்டினேன். பழுப்பு வளையம். அடுத்த சில நாட்களில் அந்தப் பக்கம் முழுக்கச் சருகாகிவிட்டது. ஒரு மூலையில் ஆரம்பித்துத் தோட்டம் முழுக்கப் பரவுவதுதான் இந்த நோயின் வழக்கம். இனி மிச்சமும் போகும் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அண்ணி வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

“மூலைக்கம்பியை நம்பாதேன்னு சொன்னது நீங்கதானே அண்ணி. அப்பவே ஏதோ சரியில்லன்னு அது சொல்லியிருக்கு. செடி செத்தா உங்களுக்குத்தானே அறை.”

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன். அண்ணியின் முகம் வெளிறிப்போனது. தான் பொய் அளவு சொல்கிறவள் இல்லை என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். போட்ட டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அவர் ஒவ்வொரு அடியாகத் தெருவில் நடந்து போவதைப் பார்த்தபோதே அதிகமாகப் பேசிவிட்டேன் என்று தெரிந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனேன். பிழிந்த போர்வையை உதறும்போது கீழே பார்த்தேன். மண்ணில் நின்று பார்க்கும்போது ஒன்றும் தெரியவில்லை, மேலேயிருந்துதான் தெரிந்தது. செத்த செடிகள் கண்டபடி சாகவில்லை. மூலையில் வரிசையாகக் கட்டம் கட்டமாகச் செத்திருந்தன. ஒவ்வொரு கட்டமும் ஒரு கதவு அளவு. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஒற்றை வரிசைச் செடி பச்சையாக நின்றது. நோய் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டா பரவும்?

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர் எட்டிப் பார்த்ததும் கண் விரிய, முதலில் புல் முளைத்ததும் இதே இடத்தில்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்குக் கட்டம் பச்சை, சுற்றி வெறுமை. இன்றைக்குக் கட்டம் கருகல், சுற்றிப் பச்சை. படம் அப்படியே திரும்பியிருக்கிறது பார் என்று தொழில் சுவாரசியத்தில் சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன?”

“அதெல்லாம் என்னோட மரச்சட்டம்.”

மருத்துவமனை ஒன்றின் காத்திருப்புக் கூடத்துக்குப் பெரிய பெரிய படங்களாகச் செய்துகொடுக்க அவருக்கு வேலை வந்திருந்தது. பிரிண்ட்டை வலை அடித்த மரச்சட்டத்தில் கவிழ்த்து, மேலே வெள்ளைத் துணி போர்த்தி உலர்த்த வேண்டும். உலர்த்துகிற அலமாரியைத்தான் நான் நாற்றுக்கு எடுத்துக்கொண்டேனே. சமமான தரை, தூசி இல்லை, அடியிலிருந்து இதமான சூடு. என் பாத்தியைவிட வசதியான இடம் வேறு எங்கே கிடைக்கும்? இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் நான் கடைக்குப் போனதும் சட்டங்களை ஷீட்டின் மேல் அதே மூலையில் பரப்பியிருக்கிறார். உச்சி வெயில் முழுக்கத் துணிக்கு மேலே நின்றுவிட்டது. நான் வருவதற்குள் உலர்ந்துவிடும், எடுத்துவைத்துவிடுவார். மறைக்க வேண்டும் என்று செய்யவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. வேலை மண்ணுக்கு அடியில்தானே நடக்கிறது, மேலே எது இருந்தால் என்ன என்று நினைத்தாராம். ஒரு சிமிட்டல் வெளிச்சத்தால் படமே மாறிப்போகும் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர்.

தலையில் அடித்துக்கொண்டேன். யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. அலமாரியைப் பிடுங்கியது நான்.

அவரே அக்காவுக்குப் போன் செய்தார். அண்ணி வேலைக்குப் போகாமல் நேரே வந்தார். என்னிடம் பேசவில்லை. பெட்டியில் பதிந்திருந்ததை ஆரம்பத்திலிருந்து மணிவாரியாகப் பார்த்தார். மூலைக்கம்பி காலையிலும் ராத்திரியிலும் நடுக்கம்பியோடு ஒத்துப்போயிருந்தது. உச்சி வேளையில் மட்டும் இறங்கியிருந்தது. கெட்டுப்போன கம்பி நேரம் பார்த்துக் கெட்டுப்போகாது.

“கம்பி ஒழுங்காத்தான் சொல்லியிருக்கு. நான்தான் கேக்கல,” என்றார் அண்ணி.

அப்புறம் தோட்டத்துக்குள் இறங்கினார். வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு செடியையும் குனிந்து பார்த்தார். டேப் வைத்துக் கட்டங்களை அளந்தார். வெயில் விழுந்த இடத்தில் ஒரு செடிகூட வாடவில்லை. நோய் கட்டத்தைத் தாண்டி ஓர் அடி எடுத்துவைக்கவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

“உன் முறை சரி. வெயில் பட்ட மண்ணு ஆரோக்கியமா இருக்கு. நீ தோக்கல. தோட்டம் உன்னோடது. நான் தரைத்தளத்துல ஏதாவது வாடகைக்குப் பாத்துக்கறேன்.”

இதைத்தான் இத்தனை மாதமாகக் கேட்க ஏங்கினேன். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. இவரையா நேற்று அப்படிக் கேட்டோம் என்று கூசிப்போனேன். அண்ணி, நேத்து நான் பேசினது தப்பு என்றேன். சரி விடு என்றார். அவ்வளவு சீக்கிரம் விட்டது எனக்கு இன்னும் வலித்தது.

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் செத்துப்போன மூலையைப் பார்த்தேன். மதிலோடு மதிலாக, எல்லாக் கட்டமும் சேர்ந்து ஒரு நல்ல அறை அளவு இருக்கும். ஓரத்தில் ஒரு சமையலறையும் அடங்கும்.

“அண்ணி, அந்த மூலையில இனி எதுவும் வராது. நோய் அடியில இறங்கிடுச்சு. சும்மா கெடக்கப்போற எடம். அங்க கட்டிக்கோங்க.”

“அடுத்த கோடையில திரும்ப மூடினா...” என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார். அவர் காலை மிதித்தேன். திருதிருவென்று விழித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அண்ணிக்கு அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. ஒரு கோடையில் மற்ற இடம் எவ்வளவு சுத்தமானது என்பதை அவரே இப்போதுதான் செடி செடியாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எவ்வளவு ஆழத்துக்கு எறங்கியிருக்கும்?”

“அஸ்திவாரம் தோண்டற ஆழத்துக்கு.”

அண்ணி அதை அளக்கவில்லை. சுருட்டிய டேப்பைக் கைப்பைக்குள் போட்டார்.

“ஜன்னல் செடி பக்கமா இருக்கட்டும்.”