தூங்காத கார்

வுக்காஷினுடைய காரின் பானெட் திறந்ததும், அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்கள் அத்தனை பேருக்கும் ஞானம் திறந்துகொண்டது. பனியனும் செருப்புமாக இறங்கி வந்தார்கள். பட்டாளத்தில் ஏதாவதொரு வயரைத் தொடாதவர் அவர்களில் யாருமில்லை. பேட்டரி சீனச் சரக்கு என்றார் ஒருவர். மொராவா ஆற்றுக் காற்றின் ஈரம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் டயரை ஓர் உதை உதைத்துவிட்டு, எதையோ கண்டுபிடித்தவர்போலத் தலையாட்டினார்.

தரைத்தள வீட்டு ஜன்னலில், கணவர் வுக்காஷினுடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்தபடி ஸ்மிலியா இந்த மாநாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்தால் ஒக்னியெனுக்குக் கல்யாணம். அவனுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது கையில் ஏந்தியவள் அவள். ஞானத்தகப்பனான வுக்காஷின் வந்து நிற்காமல் பாதிரியார் வாயைத் திறக்கமாட்டார். போன வருடம் அவன் தங்கை கல்யாணத்தில் இதே கார் படுத்துவிட, மணப்பெண் கோயில் வாசலில் மழையில் நின்றாள். இந்த முறை ஒக்னியெனின் அம்மா ஃபோனில் சொல்லிவிட்டாள்: "லேட்டானீங்கன்னா வேற ஆளை நிறுத்திருவோம் ஸ்மிலியா. அப்புறம் வருத்தப்படாதே."

வுக்காஷின் ஓய்வுபெற்ற நகராட்சி ஆய்வாளர். அவர் ஆய்வு செய்து முத்திரை குத்திய குழாய்கள் சாச்சாக் நகரம் முழுவதும் இன்றும் ஒழுகிக்கொண்டிருக்கின்றன.

"இது ஜெர்மன்காரன் செஞ்ச வண்டி," என்று அவர் தொண்டையைக் கனைத்தார். "அவனுக்கு நம்ம கரண்ட்டோட குணம் தெரியாது."

"பேட்டரியில இருக்கறது யாரு கரண்ட்டு அண்ணே?" என்றார் மேல்வீட்டு ப்ளகோயே.

"நம்பர் பிளேட் நம்மளுது. அப்ப கரண்ட்டும் நம்மளுதுதான்."

கூட்டம் இதை யோசித்து ஏற்றுக்கொண்டது.

எலெக்ட்ரீஷியன் ட்ராகுதின் வந்தார். காதில் ஒரு பென்சில். அதை வைத்து அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டினார். "பூட்டி விட்டா வண்டி கொஞ்ச நேரத்துல தூங்கிரும். தூங்கினா இந்த நம்பர் இறங்கணும். இறங்கலைன்னா உள்ள எதுவோ திருட்டுத்தனமா கரண்ட்டு குடிக்குது."

இறங்கவில்லை. பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டபடி வுக்காஷின் மீட்டரை முறைத்தார். முறைப்புக்கும் மீட்டர் மசியவில்லை. ட்ராகுதின் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். அலுத்துப்போன வுக்காஷின், கல்யாணத்துக்குக் கொண்டுபோகப் பேக்கரி அடுப்பில் வாட்டக் கொடுத்திருந்த பன்றிக்குட்டியை வாங்கிவரப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியபோது ட்ராகுதின் கையில் ரேடியோ ஃப்யூஸ். நம்பர் சடாரென்று விழுந்தது.

"ரேடியோ! நான் அப்பவே சொன்னேன்," என்றார்கள் நாலு பேர் ஒரே குரலில். ப்ளம் பிராந்தி வந்தது. குடித்தார்கள்.

தட்டில் பன்றிக்குட்டியோடு வுக்காஷின் திரும்பி வந்தார். நம்பர் மறுபடி ஏறிக்கொண்டது.

"ஃப்யூஸை மாட்டிட்டியா?" என்று ட்ராகுதினை அதட்டினார் ப்ளகோயே.

"கையில இருக்கே ஐயா!"

"பன்னி சூடா இருக்கு," என்றார் டயரை உதைத்தவர். "சூட்டுல கம்பி விரிஞ்சிருக்கும்."

பன்றியைத் தூரத்து பெஞ்சில் கொண்டுபோய் வைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தார்கள். படித்த மனிதர்கள், சம்பளம் வாங்கி வேலை பார்த்தவர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள். ஸ்மிலியா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏங்க, இப்ப பன்னி இல்லாம நீங்க மட்டும் முனை வரைக்கும் போயிட்டு வாங்க."

"எதுக்குடி?"

"போங்களேன்."

போனார், இறங்கியது. வந்தார், ஏறியது.

"பாக்கெட்டுல சாவி இருக்கில்ல?" என்றாள். "கிட்டப் போனாலே கதவு திறக்கிற சாவி. முதலாளி பக்கத்துலயே நிக்கறாருன்னு வண்டி கண்ணை மூடாம இருக்கு. ராத்திரி அந்த பேன்ட்டு ஜன்னலோர நாற்காலியில. வண்டி மூக்கு அதே ஜன்னல்ல."

ஜன்னலடியில் வண்டி நிறுத்தும் அந்த இடம் இரும்புக் கம்பம் நட்டு, சங்கிலி போட்டு, மூன்று குடும்பங்களோடு பேச்சுவார்த்தை முறித்து வுக்காஷின் வென்றெடுத்தது.

"அதைத்தான் நான் சொல்ல வந்தேன் அக்கா," என்றார் ட்ராகுதின்.

வுக்காஷின் முகம் சிவந்தது. "அப்ப கரண்ட்டைக் குடிக்கறது நானா? நகராட்சி முத்திரையைக் கையில வச்சிருந்தவன் நான்! டேய், மீட்டரை எடுத்துக்கிட்டுக் கிளம்பு!"

பிறகு தானே வைத்தியத்தில் இறங்கினார். காய்ச்சலுக்கு எதுவோ, மூட்டுவலிக்கு எதுவோ, அதே ப்ளம் பிராந்தியைத் துணியில் நனைத்து பேட்டரி முனைகளை அழுத்தித் தேய்த்தார். ப்ளகோயேயின் சார்ஜரைப் போட்டு மாலைவரை பேட்டரியை நிரப்பினார்கள். சாவியை மட்டும் இடம் மாற்ற மறுத்துவிட்டார். மாற்றினால் ட்ராகுதின் ஜெயித்ததாக ஆகிவிடுமாம்.

"பேன்ட்டைக் குடுங்க, தேய்க்கணும்," என்றாள் ஸ்மிலியா. சாவியைப் பன்றிக்குட்டிக்கு வாங்கிய அலுமினியத் தாளில் அதன் பேச்சு வண்டிக்குக் கேட்காதபடி நாலு சுற்றுச் சுற்றி, வீட்டின் அந்தக் கோடியில், அணைந்திருந்த சமையலறை அடுப்புக்குள் வைத்தாள். பேன்ட் மட்டும் நாற்காலிக்குத் திரும்பியது.

காலையில் கோட்டும் டையுமாக வுக்காஷின் பாக்கெட் பாக்கெட்டாகத் துழாவிக்கொண்டே வெளியே வந்தார். ஸ்மிலியா ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தன் கல்யாணத்துக்கு முன்பு ரொட்டி வேன் ஓட்டியவள்; இந்த வண்டியில் அவளுக்கு அனுமதிக்கப்பட்டது துடைப்பது மட்டும்.

"சாவி எங்கடி?"

"எங்கிட்ட. அந்தப் பக்கம் ஏறுங்க."

"இறங்கு. ஞானத்தகப்பன் பொண்டாட்டி ஓட்டற வண்டியிலயா போய் இறங்குவான்?"

"நடந்தும் போலாம்."

பால்கனிகளை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் ஏறினார். பட்டனைத் தொட்டதும் கார் உறுமியது. "பிராந்தி! பிராந்தி!" என்று மேலே கைதட்டினார்கள். வுக்காஷின் கண்ணாடியை இறக்கி, தேர்தலில் ஜெயித்தவர்போலக் கையசைத்தார்.

மணப்பெண் வருவதற்கு முன்பே கோயில் வாசலில் நின்றார்கள். ஒக்னியெனின் அம்மா ஓடி வந்து ஸ்மிலியாவின் கன்னங்களில் மூன்று முத்தம் வைத்தாள்.

"இவ கொஞ்சம் பழகட்டுமேன்னு ஓட்ட விட்டேன்," என்றார் வுக்காஷின், டையை நேராக்கிக்கொண்டு.

"பேட்டரி சரியாயிருச்சா?" என்று ஒக்னியெனின் அம்மா கேட்டாள்.

"பேட்டரிக்கு என்னைக்குமே ஒண்ணுமில்ல," என்றாள் ஸ்மிலியா.