ஒதுங்காதவள்

மாணவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘மரணம் மேடம்’. தத்துவ வகுப்பில் எதை ஆரம்பித்தாலும் சாவில் கொண்டுபோய்தான் முடிப்பாள். சாகப்போகிறோம் என்பது உறைத்தவன்தான் தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுப்பான், அதற்குத்தான் துணிச்சல் என்று பெயர் என்பாள். அவளுடைய தம்பிக்கு இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். ஊரைக் கைக்குள் வைத்திருந்த பெரிய மனிதர் ஒருவருக்கு அவன் அடியாளாக இருந்தான்.

ஒருநாள் முற்பகலில் அவன் ஆட்களோடு கல்லூரிக்குள் வந்தான். அந்தப் பெரிய மனிதரைக் கிண்டலடித்து நாடகம் போட்ட மாணவி அப்போது அக்காவின் வகுப்பில் இருந்தாள். வராந்தாவில் காவலாளியின் மண்டை சுவரில் மோதும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் பின்சுவரோடு ஒண்டினார்கள். மேடம் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டே உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.

இரும்புக் கம்பியோடு தம்பி முன்னால் நின்றான். “அக்கா, ஒதுங்கிக்க. அந்தப் பொண்ணு மட்டும்தான் வேணும்.”

இத்தனை வருடம் வகுப்பில் அவள் பேசிய பேச்சில் ஒரு வார்த்தைகூடக் கைகொடுக்கவில்லை. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். நினைத்தபடியே நிலைச்சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

“பயமாத்தான்டா இருக்கு,” என்றாள். “ஆனா ஒதுங்க மாட்டேன்.”

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவன் கை சற்றே தாழ்ந்தது. பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. கம்பி அவள் முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. மற்ற கையை அவள் நிலைச்சட்டத்திலிருந்து எடுக்கவில்லை. அடுத்த அடி தோளில் விழுந்தது, அதற்கடுத்தது வாயில். பல்லும் ரத்தமுமாய் மார்பில் வழிந்தது.

முதலில் பாய்ந்தது அந்த நாடகக்காரிதான். நாற்காலியைத் தூக்கி, சிரித்தவனின் தாடையில் அடித்தாள். அதைப் பார்த்ததும் மொத்த வகுப்பும் பெஞ்சும் மேசையுமாய்ச் சரிந்து வந்தது. வந்தவர்கள் நொண்டியபடி ஓடினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்பே அம்மா வந்துவிட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். உதட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டே மெல்லச் சொன்னாள்: “அவன் உன் கூடப் பொறந்தவன்டி. முகத்தைப் பாக்கலன்னு சொல்லிடு.”

இன்ஸ்பெக்டர் வந்தார், யார் அடித்தது என்று கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள். கம்பியின் முன்னால் நின்றபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை.

“என் தம்பி,” என்றாள். வீங்கிய வாயில் சொல் குழறியதால் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அப்புறம் வரவேயில்லை.

சாயங்காலம் ஊசி போட வந்த நர்ஸ், ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள். கையைத்தான் கேட்கிறாள் என்று மேடத்துக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.