ஸ்லோ லேர்னருக்குப் புத்தகம் கிடையாது

எங்கள் பள்ளிக்கூடத்து நூலகச் சுவரில் பச்சைப் பெயிண்டில் விதிமுறைகள் எழுதியிருக்கும். சத்தம் போடக்கூடாது, பக்கத்தைக் கிழிக்கக்கூடாது, எடுத்த புத்தகத்தை அடுத்த வாரமே திருப்பித் தர வேண்டும். இதெல்லாம் எந்த ஊரிலும் உள்ளதுதான், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் சுவரில் எழுதாத விதி ஒன்று இருந்தது. பத்தாம் வகுப்பில் ஸ்லோ லேர்னர் என்று பிரித்து வைத்த பிள்ளைகளுக்குப் புத்தகம் தரக்கூடாது. இதை எழுதி வைத்தால் பார்க்கிறவர்கள் காறித் துப்புவார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், போன வருஷம் நூலக லீடர் நான்தான். கந்தர்வக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் உயர்நிலைப் பள்ளி. நூலகர் என்று தனியாக ஆள் கிடையாது. சமூக அறிவியல் எடுக்கும் அருள்தாஸ் சார் தலையில் நூலகத்தைக் கட்டியிருந்தார்கள், அவர் அதை என் தலையில் கட்டினார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பீரோவைத் திறந்து, கேட்டவர்களுக்குப் புத்தகம் கொடுத்து, பெயரை எழுதிக்கொள்வது என் வேலை. காலாண்டுத் தேர்வு மார்க் வந்ததும் சார் என்னைக் கூப்பிட்டார்.

“காவ்யா, பத்தாவதுல ஸ்லோ லேர்னர்ஸ் யாருக்கும் இனிமே புக்கு குடுக்காத. ஹெச்.எம். சொல்லிட்டாங்க.”

“ஏன் சார்?”

“பாஸ் பண்ண வேணாமா? மினிமம் மெட்டீரியல் குடுத்துருக்கோம்ல, அதைப் படிக்கட்டும். கதைப் புக்கு படிச்சா பாடம் எங்கிட்டு ஏறும்?”

மினிமம் மெட்டீரியல் என்பது தேர்வில் எப்படியும் வந்துவிடும் கேள்விகளை மட்டும் பதிலோடு ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த தாள்கள். ஒன்றும் புரிய வேண்டியதில்லை. அப்படியே உருப்போட்டு அப்படியே எழுதினால் பாஸ் மார்க் வந்துவிடும். எங்கள் தலைமையாசிரியை பிரகதாம்பாள் டீச்சர், நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஃப்ளெக்ஸ் கட்டுவதற்குக் கேட்டில் அப்போதே இடம் பார்த்து வைத்திருந்தார்.

ஸ்லோ லேர்னர்களில் அழகியும் ஒருத்தி. எனக்குப் பக்கத்துத் தெரு. ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். எழுந்து வாசிக்கச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். சில டீச்சர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள், அதை நான் மறக்கவே மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில்தான் அவளுக்கு நூலகம் பிடித்துப்போனது. முதலில் படம் போட்ட சின்னப் புத்தகங்கள், அப்புறம் கொஞ்சம் பெரியவை. வரிமேல் விரலை வைத்து, உதட்டை அசைத்து, மெதுவாகப் படிப்பாள். நான் ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறந்துபோன கதையை அவள் ஒரு வாரம் வைத்திருந்து படித்துவிட்டு, “அந்தப் பொம்பள ஏன்டி அன்னைக்கு வீட்டுக்குத் திரும்பி வரல?” என்று வந்து கேட்பாள். எனக்குப் பதில் தெரியாது. இப்படிப்பட்டவளைத்தான் படிக்க வராத பிள்ளை என்று தனி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

தடை வந்தபோது அவள் கையில் ஒரு புத்தகம் இருந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவைத் தேடி, ஒரு சிறுமி தனியாகத் தோணி எடுத்துக்கொண்டு போகிற கதை. அவள் படிக்கத் துணிந்த முதல் பெரிய புத்தகம் அது. அருள்தாஸ் சார் வகுப்பிலேயே அதை வாங்கிக்கொண்டார்.

“பாதிதான் சார் படிச்சிருக்கேன்.”

“பரீட்சை முடியட்டும், அப்பறம் படி.”

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்போடு சரி. பரீட்சை முடிந்தால் நாங்கள் வெளியே போய்விடுவோம், வெளியே போனவர்களுக்குப் புத்தகம் தருகிற வழக்கம் இல்லை. சாருக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தும் கூசாமல் சொன்னார்.

நான் என்ன செய்தேன் என்றால், அந்தப் புத்தகத்தை என் பெயரில் எழுதி எடுத்து அழகியிடம் கொடுத்தேன். இன்றைக்கும் அதைத் தப்பென்று நான் நினைக்கவில்லை. அவள் முழுதாய்ப் படித்து முடிப்பதற்குள் வாரம் முடிந்துவிடும் என்பதால், திருப்பி வைத்து மறுபடியும் என் பெயரிலேயே எழுத வேண்டியிருந்தது. அப்படித் திருப்பி வைத்தபோதுதான் சார் அதை எடுத்துப் புரட்டினார். பக்க ஓரங்களில் கறுப்பாகக் கட்டைவிரல் தடம்.

எங்கள் பக்கம் அந்தத் தடம் எதனுடையது என்று எல்லோருக்கும் தெரியும். அழகியின் அம்மா வறுத்த முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலை செய்கிறவர். வேலை அதிகமிருந்தால் சாயங்காலம் அழகியும் கூட உட்கார்ந்து உடைப்பாள். கையில் ஏறும் அந்தக் கரி சோப்புக்கெல்லாம் மசியாது.

“ஒங்க வீட்டுல முந்திரி ஒடைக்கிறீங்களா?” என்றார் சார்.

என் அப்பா சிங்கப்பூரில் சம்பாதிப்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஆமாம் என்றேன்.

“கையைக் காட்டு பாப்போம்.”

காட்டினேன். சார் சிரித்தார். எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியாத மனிதருக்கு இந்தத் துப்பு துலக்குவது மட்டும் எவ்வளவு நன்றாக வந்தது!

மறுநாள் ஹெச்.எம். கூப்பிட்டனுப்பி, அழகியின் அம்மா வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து, தலைமையாசிரியை அறையில் நின்றார். அழகியும் நானும் சுவரோரமாக நின்றோம்.

“எம்புள்ள என்னங்க டீச்சர் பண்ணுச்சு?”

“கதைப் புத்தகம் படிச்சிருக்கா.”

அழகியின் அம்மா மேற்கொண்டு ஏதோ வரப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றார். 

“வேணாம்னு சொல்லியும் இந்தப் புள்ள பேருல எடுத்துத் திருட்டுத்தனமாப் படிச்சிருக்கா. இவ ஒருத்தி ஃபெயிலானா மொத்த ஸ்கூலுக்கும் கெட்ட பேரு. இன்னொரு தடவ புக்கோட பாத்தேன், டி.சி. குடுத்து அனுப்பிருவேன். பிரைவேட்டா எழுதிக்கட்டும்.”

டி.சி. என்றதும் அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அது கையில் வந்தால் மகள் நாளை முதல் முந்திரிக் கொட்டைக்குத்தான் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். திரும்பி அழகியின் முதுகில் ஓர் அடி வைத்தார். அப்புறம் கைகூப்பினார்.

“இனிமே படிக்காதுங்க டீச்சர். நான் பாத்துக்கிறேன்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெற்ற தாயைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து, என் பிள்ளை இனிமேல் படிக்காது என்று கும்பிட்டுச் சொல்ல வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்த ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

“டீச்சர், அவ அந்தப் புக்க எவ்வளவு நல்லா...”

“நீ பேசாத. நல்லாப் படிக்கிற புள்ளையாச்சேன்னு ஒன்னைய விடறேன்.”

பொய்க் கணக்கு எழுதியவள் நான். என் அம்மாவை யாரும் கூப்பிடவில்லை, லீடர் வேலையைக்கூடப் பிடுங்கவில்லை. முதல் ரேங்க் எடுத்தால் எல்லாமே மன்னிக்கப்படும் போலிருக்கிறது. அந்த மன்னிப்பு எனக்கு அடி வாங்கியதைவிடக் கேவலமாக இருந்தது.

பொங்கல் லீவு முடிந்ததும் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்றார்கள். நூலகத்தைக் கூட்டிப் பெருக்கி, குறுக்கே கயிறு கட்டிப் புத்தகங்களைத் துணி காயப்போடுவது மாதிரி தொங்கவிட்டோம். பத்தாம் வகுப்பை அங்கேயே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். போட்டோவில் எல்லோரும் தெரிய வேண்டுமாம், அதனால் ஸ்லோ லேர்னர்களுக்கும் ஆளுக்கொரு புத்தகம். “யாரும் தலைகீழாப் பிடிச்சுத் தொலைக்காதீங்கடா,” என்று அருள்தாஸ் சார் எச்சரித்தார். அழகியின் கையில் ஏதோ ஒரு விஞ்ஞானப் புத்தகம் திணிக்கப்பட்டிருந்தது. விரித்து வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்தும் கண்ணைக் கீழே இறக்கவில்லை.

அதிகாரி நல்லவர் மாதிரிதான் இருந்தார். சிரித்துக்கொண்டே வந்து, கயிற்றில் தொங்கியவற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“இங்க நெறையப் புத்தகம் படிக்கிறது யாரு?”

பிரகதாம்பாள் டீச்சர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எழுந்தேன். இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று தோன்றியது. இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அழகிக்கு அந்தப் புத்தகம் திரும்பக் கிடைத்துவிடும்.

“அழகிதாங்க சார். என்னையவிட அவதான் நல்லாப் படிப்பா. ஆனா அவளுக்குப் புக்கு குடுக்க வேணாம்னு சொல்லிட்டாங்க சார்.”

டீச்சரின் சிரிப்பு அப்படியே நின்றது. அருள்தாஸ் சார் செருமினார். அதிகாரி கொஞ்சம் குழம்பி, “யாரு அழகி? எழுந்திரும்மா. என்ன புத்தகம் படிச்ச? சும்மா சொல்லு,” என்றார்.

அழகி எழுந்தாள். தோணியில் போன சிறுமியின் கதையை அவள் படித்தவரைக்கும் வரிக்கு வரி சொல்லுவாள், எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறாள். சொல்லுடி, சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. பிரகதாம்பாள் டீச்சரை ஒருமுறை பார்த்தாள்.

“இல்லைங்க சார். நான் கதைப் புக்கு தொடவே மாட்டேன். மெட்டீரியல் மட்டுந்தான் படிக்கிறேன்.”

எங்கேயும் திக்காமல், மனப்பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

“வெரி குட்!” என்றார் அதிகாரி. “பத்தாவது புள்ளைன்னா இப்படித்தான் கவனமா இருக்கணும். எல்லாரும் இந்தப் புள்ளைக்கு ஒரு தடவ கை தட்டுங்க பாப்போம்.”

தட்டினார்கள். அவள் வாசித்தபோதெல்லாம் சிரித்த அத்தனை பேரும் தட்டினார்கள். டீச்சரும் சாரும் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்தில் அழகிக்கு யாரும் கை தட்டியதில்லை. இதுதான் முதல் தடவை. உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.