முப்பது தில்லை இலை

கபடி பார்க்கப் போனது ஒரு குற்றமே இல்லை. ஊரே போனது. ஆனால் பூவராகன் போகிற அவசரத்தில் ஒரு காரியம் செய்துவிட்டுப் போனான் பாருங்கள், அதுதான் இப்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

பிச்சாவரத்து உப்பங்கழியில் படகு ஓட்டுகிறவன் அவன். ஆராய்ச்சி செய்கிற ப்ரீத்தி அவனிடம் முப்பது ஜிப் கவர் கொடுத்திருந்தாள். காட்டுக்குள் அங்கங்கே நம்பர் தகடு கட்டிய முப்பது தில்லை மரங்கள். மரத்துக்கு ஓர் இலை, கவருக்கு ஒரு நம்பர். ரெண்டு வருஷமாகக் கூடவே வந்து பறித்தவள், அன்றைக்குக் காலில் அடிபட்டுக் கிடந்ததால், "அண்ணே, உங்கள நம்பித்தான் விடறேன்" என்று அவனைத் தனியாக அனுப்பினாள்.

முப்பது மரத்தையும் சுற்றிவர முழு நாள் ஆகும். பத்து மணிக்கே மச்சான் பாண்டியன் போனில் கத்தினான். "மச்சான், மஞ்சக்குப்பம் கிரவுண்டுல இன்னிக்கு ஃபைனல். வண்டி ரெடியா நிக்குது. வரியா, இல்லியா?"

தில்லை என்றால் எல்லாம் தில்லைதானே, இலைக்கு இலை என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தான் பூவராகன். தில்லைப் பால் கண்ணில் தெறித்தால் கண்ணே போய்விடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கரையோரத்து ஒரே மரத்தில் முப்பது இலையையும் பறித்துக் கவர் கவராகப் போட்டான். ஃபைனலில் சேத்தியாத்தோப்பு டீம் ஜெயித்தது. தொண்டை கட்டுகிறவரை கத்தினான், பாவி.

மூன்று மாதம் கழித்து ப்ரீத்தி படகுத்துறைக்கு வந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

"முப்பது இலையும் ஒரே மரத்தோடதுன்னு டெஸ்ட்ல வருதுண்ணே. ஒடிசா, வங்காளம், கேரளா, அப்புறம் நாம. நாலு எடமும் சேந்து பண்ற ஆராய்ச்சி. எந்தக் கரையில எத்தன வம்சம் தில்லை இருக்குன்னு பாத்துத்தான் கன்னு எடுத்து நடணும். நம்மளால மொத்தமும் நிக்குது. லேப்ல வேல பாக்கற நம்ம அரசுதான் டியூப்ப மாத்திப் போட்டிருக்கணும்னு மத்த எடத்துக்காரங்க சொல்றாங்க. நீங்க மரத்துக்கு மரம்தானே பறிச்சீங்க?"

"ஆமா மேடம்," என்றான் பூவராகன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

அரசு யாரோ எவனோ என்றால்கூடப் பரவாயில்லை. பக்கத்து ஊர் கிள்ளைக்காரன். ஊருக்கு வந்தால் பூவராகன் வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிடாமல் போகமாட்டான். அன்றிலிருந்து பூவராகனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கரையோரத்து மரம் கண்ணில் படக்கூடாதென்று படகைச் சுற்றுவழியில் விட்டான். நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம் என்றே பத்து நாள் ஓடிவிட்டது. சே, இதெல்லாம் ஒரு பொழப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டு பதினோராம் நாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினான்.

அண்ணாமலை நகரில் ஒரு வாடகை வீட்டு மாடியில்தான் ப்ரீத்தியின் லேப். கீழே படிக்கட்டில் அரசு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மாமா. நேத்து எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னாத்தடா?"

"டியூப்ப நான்தான் மாத்திப் போட்டேன்னு. வேலையும் வேணாம்னுட்டேன்."

"நெஜமாவே மாத்துனியாடா?"

"ஞாபகமே இல்ல மாமா. ஒவ்வொரு கவரா பிரிச்சு ஒழுங்காத்தான் போட்டேன்னு நெனச்சிருந்தேன். ஆனா நீங்க மரத்துக்கு மரம் பறிச்சேன்னு சொல்லிட்டீங்க. நீங்க பொய்யா சொல்லப்போறீங்க? அப்ப தப்பு என் கைதானே? இப்பல்லாம் கொழந்தைக்கு இருமல் மருந்து ஊத்தக்கூட பயமா இருக்குது. அளவு தப்பிடுமோன்னு பொண்டாட்டியத்தான் ஊத்தச் சொல்றேன்."

பூவராகன் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அரசு, முப்பதும் ஒரே மரம்தான்டா. கபடி பாக்கப் போவணும்னு நான்தான் ஒரே மரத்துல பறிச்சுட்டேன்."

அடிப்பான், இல்லாவிட்டால் நாலு கெட்ட வார்த்தையாவது சொல்வான் என்று காத்திருந்தான். அரசு ரெண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தான்.

"அப்ப என் கை மேல தப்பு இல்லையா மாமா?"

இல்லை என்றான் பூவராகன். அரசு அதையே மறுபடியும் கேட்டான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். சந்தோஷத்தில்தான் அழுகிறான் என்று புரிந்தபோது பூவராகனுக்கு நெஞ்சு வெந்துபோனது. செருப்பால் ரெண்டு போட்டிருந்தால்கூடத் தேவலாம்.

"மேல போயி மேடத்துகிட்ட சொல்லிட்டு வரேன்."

அரசு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "இப்ப போவாதீங்க மாமா. நாலு ஊர்க்காரங்களும் வீடியோவுல இருக்காங்க. அத்தன பேர் எதிர்ல உங்களுக்கு அசிங்கமாப் போயிடும். அவுங்க பேசி முடிக்கட்டும்."

"என்னாத்தப் பத்திடா பேசறாங்க?"

"என் கடுதாசியத்தான்."

பூவராகன் அவன் கையை மெல்ல விலக்கிவிட்டுப் படியேறினான்.