கத்தரீனாவின் சொக்லேற் மா

கிரைண்டரின் மூடியைத் திறந்ததும் சுபாஸ்கரனுக்குத் தும்மல் வந்தது. அடுக்கடுக்காக நான்கு தும்மல். அப்போதாவது அவன் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. வெண்புழுதியாக அரைபட்டிருந்த சீனியைப் பால்மாவுக்குள் கொட்டி, அதன்மேல் கொக்கோத் தூளையும் போட்டு, அரிதட்டால் மூன்று தரம் அரித்தான். மண்ணிறமாக, பட்டுப்போல் இறங்கிய தூளைப் பார்க்க அவனுக்கே பெருமையாக இருந்தது. இரண்டு கரண்டி எடுத்துச் சுடுநீரில் கரைத்து அறைக்குள் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினான். லவீனா ஒரு மிடறு குடித்தாள். அவளுடைய கண்கள் விரிந்தன. இருமத் தொடங்கினாள். இருமலுக்கு நடுவிலேயே சிரிக்கவும் தொடங்கினாள்.

"என்னப்பா இது? ரெண்டு மீன்துண்டு போட்டால் குழம்பு!"

முதல்நாள்தான் அவனுடைய தாய் மீனாம்பிகை அதே கிரைண்டரில் வறுத்த மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் போட்டுச் சரக்குத்தூள் அரைத்திருந்தாள். அவன் அதை மூன்று தரம் கழுவித் துடைத்துத்தான் சீனியைப் போட்டான். யாழ்ப்பாணத்து வீடொன்றின் கிரைண்டர் மூன்று கழுவலுக்கு மசியாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. முப்பத்தொரு வயதுவரை அவன் குசினிக்குள் போனது தண்ணீர் குடிக்க மட்டும்தான்.

"தோட்டத்திலை வெங்காயத்துக்குக் களை பிடுங்க ஆளில்லை. துரை இஞ்சை நிண்டு சொக்லேற் கிண்டுறார்" என்று மீனாம்பிகை வெளியிலிருந்து சொன்னாள். அவளுடைய குரலில் கோபத்தைவிடக் கூச்சம்தான் கூடுதலாக இருந்தது. பக்கத்து வீட்டு உதயகலா வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள்.

லவீனா சிரித்ததைக் கண்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம் பிறந்தும் அவளுக்குச் சத்தி நிற்கவில்லை. சோறு, இடியப்பம், பழம், பசுப்பால் எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் தங்காது. கடையில் விற்கும் சொக்லேற் பால்மாவில் நான்கு வகை வாங்கிப் பார்த்தான். பேணியைத் திறந்த மணத்துக்கே எழுந்து ஓடினாள். போன கிளினிக்கில் தராசு நாற்பத்துமூன்று காட்டியது, அதற்கு முந்தைய மாதத்தைவிட ஒரு கிலோ குறைவு. "ரெண்டு கிழமை தாறன். எடை ஏறவேணும். இல்லாட்டி ஆசுபத்திரி வாட்டிலை மறிச்சுத்தான் பாக்கவேணும்" என்று மருத்துவமாது சொன்னபோது லவீனா அவனுடைய சேட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். போன வருடம் மூன்றாம் மாதத்தில் முதல் கரு கலைந்தது அந்த வாட்டில்தான். வீட்டுக்கு வரும்வழி முழுதும் மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்தபடி ஒன்றையே சொன்னாள்: "நான் அங்கை போகமாட்டன். என்னைக் கொண்டுபோகாதேங்கோ."

அன்று பின்னேரம்தான் அந்த மாவைப் பற்றிச் சொன்னாள். குருநகரில் அவளுடைய தகப்பன் அடைக்கலநாதன் விடியப்புறம் மீன்பிடித்துக் கடலால் வரும்போது தாய் கத்தரீனா ஒரு பேணியிலிருந்து இரண்டு கரண்டி மா எடுத்துச் சுடுநீரில் கரைத்துக் கொடுப்பாள். பள்ளிக்கூடம் போகமுன் லவீனாவுக்கும் ஒரு கோப்பை கிடைக்கும். "அதெண்டால் தங்கும் போலை கிடக்கு. ஒரு வறுத்த வாசம் வரும். பால்மா, சீனி, கொக்கோ... இன்னும் ஏதோ போடுறவ. நான் பள்ளிக்கூடம் போனாப் பிறகுதான் செய்யிறவ. பேணியைத்தான் நான் கண்டனான்."

தாயைக் கேட்கலாமே என்று அவன் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் முருகன் கோயிலில் வைத்து அவன் தாலி கட்டிய நாளோடு கத்தரீனா மகளைத் தலைமுழுகிவிட்டாள். மாதா கோயிலுக்கு வெளியே கட்டியவள் தன் வீட்டுக்கும் வெளியேதான் என்று சொல்லியனுப்பியிருந்தாள். லவீனா மூன்று தரம் போன் எடுத்தாள். பதில் இல்லை. அதன்பிறகு எடுப்பதை விட்டுவிட்டாள்.

"இன்னும் ஏதோ" என்பது உழுந்தாக இருக்கும் என்று சுபாஸ்கரன் முடிவு செய்தான். இம்முறை உதயகலாவின் கிரைண்டரை இரவல் வாங்கினான், அவள் அதில் பழச்சாறு மட்டும்தான் அடிப்பாள். உழுந்தைத் தாச்சியில் கறுக்கக் கறுக்க வறுத்து அரைத்துச் சேர்த்தான். லவீனா அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே பாதிக் கோப்பையைக் குடித்து முடித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உழுத்தங்களியப்பா" என்றாள் மெல்ல. பத்து நிமிடத்தில் கிணற்றடித் தேசிமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அவளுடைய கூந்தலைப் பின்னால் ஒதுக்கிப் பிடித்தபடி நின்றவனுக்கு, கைக்குள் அகப்பட்ட அவளுடைய தோளெலும்பு குருவியினுடையதுபோல் இருந்தது. இனி யோசிக்க ஒன்றும் இல்லை என்று அவனுக்குப் பட்டது.

மறுநாள் காலை மருந்தடிக்கும் மெசினுக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, மிஞ்சிய தூளை ஒரு ஜாம் போத்தலில் போட்டு எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனான். சொல்லவேண்டியதையெல்லாம் நல்லூரைத் தாண்டும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். வாசலில் கத்தரீனா பாயில் சூடை மீன் காயவிட்டு, கையில் தடியோடு காகம் கலைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்று.

"மாமி, நான் சுபாஸ்கரன்."

"அது தெரியுது. ஆர் உமக்கு மாமி?"

அவன் போத்தலை எடுத்து நீட்டினான். "லவீனாவுக்கு அஞ்சு மாதம். ஒண்டும் வயித்திலை தங்குதில்லை. நீங்கள் செய்யிற சொக்லேற் மா எண்டால் தங்கும் எண்டுறா. நான் ரெண்டு தரம் செய்து பாத்தன், சரிவரேல்லை. எங்கை பிழைச்சனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் போயிடுறன்."

அஞ்சு மாதம் என்ற சொல்லில் தடி அந்தரத்தில் நின்றது. அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. போத்தலை வாங்கி, விரலைச் சட்டையில் துடைத்து, நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். உடனே பக்கத்தில் துப்பினாள்.

"உதை ஆர் செய்தது? உம்மடை அம்மாவோ?"

"நான்தான்."

"நீரோ?" நகக்கண்ணில் தோட்டத்துச் செம்மண் இருந்த அவனுடைய கைகளைப் பார்த்தாள். "வறுத்தனீரோ, எரிச்சனீரோ? உழுந்து போடச் சொல்லி ஆரப்பா உமக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்ல ஆளில்லாமல்தான் இஞ்சை வந்தனான்."

கத்தரீனா பாயைச் சுற்றி வந்து மீன்களைப் புரட்டிப் போட்டாள். அவனை இருக்கச் சொல்லவில்லை. மீனுக்குச் சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினாள். குரக்கன், அதாவது கேழ்வரகு. அதை ஓர் இரவு ஊறவிட்டுத் துணியில் முடிந்து வைக்கவேண்டும். முளை வெள்ளையாக எட்டிப்பார்க்கும், அதற்கு மேல் விட்டால் கசக்கும். பிறகு இரண்டு நாள் நல்ல வெயில். காய்ந்ததை உள்ளங்கையால் தேய்த்தால் முளை உதிரும், சுளகில் புடைக்கவேண்டும்.

"கடைசியாத்தான் வறுக்கிறது. எல்லாம் அதுக்குள்ளைதான் கிடக்கு. வறுக்கேக்கை எனக்கு எடும், சொல்லுறன்." தன் போன் நம்பரைச் சொன்னாள். "அவளுக்குச் சொல்லாதையும். நான் அவளோடை கதைக்கேல்லை. உம்மோடை குரக்கனைப் பற்றிக் கதைக்கிறன், அவ்வளவுதான்."

அவன் மோட்டார்சைக்கிளை உதைக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "எத்தினை கிலோ நிக்கிறாள்?"

"நாப்பத்துமூண்டு."

கத்தரீனா திரும்பித் தடியை ஓங்கி வீசினாள். பாயில் காகம் ஒன்றும் இருக்கவில்லை.

அச்சுவேலிச் சந்தையில் குரக்கன் வாங்கிக்கொண்டு வந்தான். ஈரத்துணி முடிச்சைக் குசினி மூலையில் கண்ட மீனாம்பிகை, "உதென்ன, மாட்டுக்கோ?" என்று கேட்டாள். "உங்கடை பேரப்பிள்ளைக்கு" என்றான். கலியாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் மீன் எந்தச் சட்டியில், வெள்ளிக்கிழமையில் எந்த அடுப்பு என்று மாமியும் மருமகளும் ஓசைப்படாமல் எல்லை பிரித்துத்தான் வாழ்ந்து வந்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லெறிந்ததில்லை. ஒருவரையொருவர் சிரிக்கவைத்ததும் இல்லை. முளைவந்த தானியத்தைச் சுளகில் பரப்பி முற்றத்தில் வைத்த இரண்டாம் நாள் மத்தியானம் திடீரென்று மழை இருட்டியது. தோட்டத்திலிருந்து சுபாஸ்கரன் ஓடிவந்தபோது சுளகு ஏற்கெனவே சாமியறைக்குள் பத்திரமாக இருந்தது. மீனாம்பிகை ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு, அவனைப் பார்க்காமல், "அணில் தின்னப்பாத்தது" என்றாள்.

சனிக்கிழமை காலை தாச்சியை அடுப்பில் வைத்தான். கிளினிக்குக்கு இன்னும் ஆறு நாள். சமையல் மணம் ஆகாததால் லவீனா அறைக் கதவைச் சாத்திப் படுத்திருந்தாள், அவள் குசினிப் பக்கம் வந்தே ஒரு மாதம். போனை உப்புப் போத்தலில் சாய்த்துவைத்து, ஸ்பீக்கரில் போட்டுச் சத்தத்தைக் குறைத்து, கத்தரீனாவுக்கு எடுத்தான்.

"என்ன நிறம்?" முதல் கேள்வியே அதுதான்.

"மண்ணிறம், மாமி."

"எந்த மண்? உங்கடை செம்மண்ணோ, இஞ்சத்தைக் கடற்கரை மண்ணோ?"

"ரெண்டுக்கும் நடுவிலை."

"வாசம்?"

"நல்ல வாசம்."

"மல்லி வறுத்தாலும் நல்ல வாசம்தான். என்ன வாசம் எண்டு சொல்லும்."

அவன் குனிந்து மணந்தான். எதையென்று சொல்வது? கைக்குள் அகப்பை சுழன்றுகொண்டிருந்தது, தானியம் ஒன்றிரண்டு வெடிக்கத் தொடங்கியது. "மாமி, நான் அதை ஒருநாளும் மணந்ததில்லை. வரவேண்டிய வாசம் எது எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

மறுபக்கத்தில் காகங்கள் கரைவது கேட்டது. தாச்சியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

"அடுப்பைக் குறை" என்றாள் கத்தரீனா. குரல் மாறியிருந்தது. "கையை எடுக்காதை மோனை, பிரட்டிக்கொண்டே நில். போனுக்காலை எனக்கு மணக்காது." பிறகு, நெடுநேரம் வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்புவதுபோல, "அவளைக் கூப்பிடு" என்றாள்.

"அவ குசினிக்கை வரமாட்டா மாமி. மணத்துக்குச் சத்தி வரும்."

"வரும். வரச்சொல்லு. அவளுக்குத்தான் அந்த வாசம் தெரியும்."

தாச்சியை விட்டு அவனால் நகர முடியவில்லை. வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மீனாம்பிகை உள்ளே போனாள். திரும்பி வரும்போது லவீனாவின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். லவீனா துவாயால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"என்னப்பா? ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"மூக்கிலை இருக்கிற துணியை எடு" என்றது போன்.

லவீனா துவாயை இன்னும் இறுக்கிப் பொத்தினாள்.

"சின்னனிலையும் உப்பிடித்தான்" கத்தரீனா யாருக்கென்று இல்லாமல் சொன்னாள். "நான் மீன் வெட்டினால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னாலை நிப்பாள். தின்னேக்கை மட்டும் முதல் ஆள்."

லவீனா போனைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், தாச்சியைப் பார்த்தாள். துவாய் மெதுவாகக் கீழே இறங்கியது. மூச்சை இழுத்தாள். முகம் சுருங்கியது, தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. மீனாம்பிகை காலால் ஒரு பேசினைக் கிட்டத் தள்ளினாள். லவீனா சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் மணந்தாள்.

"இன்னும் வரேல்லை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கொஞ்சம், அம்மா" என்றாள்.

சுபாஸ்கரன் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் கை நின்றுவிடும் போலிருந்தது. அகப்பை போய் வந்தது, போய் வந்தது. புகையின் அடியிலிருந்து வேறொரு மணம் மெல்லக் கிளம்பியது, பாண் ரொட்டியும் சர்க்கரையும் ஒன்றாகச் சூடாகியதுபோல. அவனுக்கே அது புரிந்தது.

"இப்ப!" என்றாள் லவீனா.

"இறக்கு, இறக்கு! தாச்சியிலை விடாதை, சுளகிலை கொட்டு!" என்று போன் கத்தியது. மீனாம்பிகை சுளகை ஏந்தினாள்.

ஆறவிட்டு அரைத்தபோதும், அரித்தபோதும், பால்மாவும் சீனியும் கொக்கோவும் கலந்தபோதும் போன் அங்கேயே இருந்தது. கொக்கோவைக் குறை என்று ஒருமுறை சொன்னதைத் தவிர அதிலிருந்து வேறு பேச்சு வரவில்லை. லவீனா குசினி வாசற்படியில் இருந்து கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். ஒரு மிடறு, பிறகு ஒன்று. பாதியில் நிறுத்திக் கண்ணை மூடினாள். சுபாஸ்கரன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். மீனாம்பிகை அவனைப் பார்த்தாள். தேசிமரத்தடி வெறுமையாக, வெயிலோடு இருந்தது.

நான்கு நிமிடம். ஐந்து. "குடிச்சவளோ?" என்று போன் மெல்லக் கேட்டது. லவீனா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி உப்புப் போத்தலடியிலிருந்து போனை எடுத்துத் தன் மடியில், கோப்பையின் பக்கத்தில் வைத்தாள். ஏழாவது நிமிடம் தொடங்கியது. யாரும் போனைத் துண்டிக்கவில்லை. அவளுடைய மேடிட்ட வயிற்றோடு ஒட்டிக் கிடந்த அதன் திரையில் நொடிகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன.